பிராசஸரும் மதர்போர்டும் மாற்றிய பிறகு கணினி அடம்பிடிக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கேபினெட், பழைய டிஸ்க், பழைய எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) எல்லாம் அப்படியே இருக்க, பிராசஸரையும் மதர்போர்டையும் மட்டும் மாற்றியவர்களுக்காக எழுதியது இது. கூடவே புது ரேமும் வாங்கியிருக்கலாம். மாட்டி முடித்த கையோடு வரும் கோளாறுகளில் முக்கால்வாசி ஒரு கேபிளிலோ, ஒரு செட்டிங்கிலோ, பயாஸ் (போர்டிலேயே இருந்து கணினியைக் கிளப்பும் மென்பொருள்) பதிப்பிலோதான் இருக்கும். பாகம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டித் திருப்பிக் கொடுக்கக் கிளம்புவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். கோளாறு எந்த வரிசையில் வருமோ அதே வரிசையில் கேள்விகள் இருக்கின்றன: முதலில் கரண்ட், அப்புறம் திரை, அப்புறம் விண்டோஸ்.

பவர் பட்டனை அழுத்தினால் ஓர் அசைவும் இல்லை. போர்டு போய்விட்டதா?

அவ்வளவு சீக்கிரம் போகாது. எஸ்எம்பிஎஸ்-இன் பின்பக்க சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, கேபினெட்டின் பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர். போர்டின் கீழ் வலது மூலையில் இருக்கும் சிறு பின்களில், மேனுவலில் 'பவர் சுவிட்ச்' என்று குறித்திருக்கும் இரண்டில் அது ஏற வேண்டும். ஒரு பின் தள்ளி மாட்டினாலும் பட்டன் வேலை செய்யாது. சுவிட்ச் ஒயருக்கு பிளஸ், மைனஸ் கிடையாது. எப்படித் திருப்பி மாட்டினாலும் சரி. எல்இடி ஒயர்களுக்கு மட்டும்தான் அது முக்கியம்.

பட்டன் மீது சந்தேகம் இருந்தால் அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, அதே இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். கணினி கிளம்பினால் போர்டில் குறை இல்லை, கேபினெட் பட்டன்தான் காரணம். அப்போதும் கிளம்பாவிட்டால் 24 பின் கேபிளைக் கழற்றி, கிளிப் 'டக்' என்று விழும் வரை அழுத்தி மாட்டுங்கள். புதுப் போர்டில் அது மிகவும் இறுக்கமாக இருக்கும். பாதி ஏறிய நிலையிலேயே முழுக்க ஏறிவிட்டது போலத் தோன்றும்.

ஃபேன் ஒரு நொடி சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. ஏன்?

பிராசஸருக்குத் தனியாக வரும் 8 பின் கேபிளை மாட்டினீர்களா? அது போர்டின் மேல் இடது மூலையில், ஹீட் சிங்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்த கேபிள் 4+4 என்று இரண்டு துண்டாகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிள் 6+2 என்று பிரியும். பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும், ஆனால் உள்ளே வரும் இணைப்புகள் வேறு. ஏறாத கேபிளை அழுத்தி ஏற்ற வேண்டாம்.

இன்னொரு காரணம், போர்டுக்குக் கீழே அதைத் தாங்கி நிற்கும் சிறு பித்தளைக் கால், அதாவது ஸ்டான்ட்ஆஃப். பழைய போர்டின் அளவு வேறாக இருந்திருந்தால், புதுப் போர்டில் துளையே இல்லாத இடத்தில் ஒரு ஸ்டான்ட்ஆஃப் நின்றுகொண்டிருக்கும். அது போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். போர்டைத் தூக்கிப் பார்த்துத் தேவையில்லாததைக் கழற்றிவிடுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ்-ஐயும் சேர்த்து மாற்றியிருந்தால், பழையதன் கழற்றி மாட்டும் கேபிள்களைப் புதியதில் பயன்படுத்தவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்த ஒயர் எங்கே வர வேண்டும் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே கூட மாறும். கேபிள் அழகாகப் பொருந்தும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து ஹார்டு டிஸ்க் எரிந்துபோகும். அதில் இருந்த படங்களும் கோப்புகளும் அதோடு போய்விடும்.

ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது. எங்கிருந்து பார்ப்பது?

முதலில் பொறுமையாக இருங்கள். டிடிஆர்5 ரேம் போட்ட போர்டுகள் முதல்முறை ஆன் ஆகும்போது ரேமோடு ஒத்துப்போகும் நேர அளவுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும். மெமரி டிரெய்னிங் என்பது இதுதான். சில நிமிடங்கள் எடுக்கும். ரேம் அளவு கூடக் கூட இன்னும் நீளும். குறிப்பாக ஏஎம்டி-யின் ஏஎம்5 (ரைசன் 7000, 9000 பிராசஸர்கள் உட்காரும் சாக்கெட்) போர்டுகளில் இது அதிகம். திரையில் ஓர் எழுத்துகூட வராது, நடுவில் தானாக அணைந்து மறுபடி ஆன் ஆவதும் உண்டு. பயந்துபோய் பவரைத் துண்டித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறமும் திரை வராவிட்டால் போர்டிலேயே பதில் இருக்கிறதா என்று பாருங்கள். பல போர்டுகளில் ரேமுக்குப் பக்கத்தில், வலது ஓரத்தில், அரிசி அளவில் நான்கு எல்இடி இருக்கும். பக்கத்திலேயே சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். ஆன் செய்ததும் அவை ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ கோளாறு அந்தப் பக்கம். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

டிராம் லைட் நின்றால், ரேமைக் கழற்றி ஒரே ஒரு குச்சியை மட்டும் மாட்டிப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட். இரண்டு குச்சி என்றால் இரண்டாவதும் நான்காவதும். பக்கத்துப் பக்கத்தில் மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பழைய டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 போர்டில் ஏறாது. வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

விஜிஏ லைட் நின்றால், மானிட்டர் கேபிள் எங்கே போகிறது என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் மாட்ட வேண்டும், போர்டின் எச்டிஎம்ஐ-யில் அல்ல. கார்டு இல்லாமல் போர்டின் எச்டிஎம்ஐ-யை நம்பியிருந்தால், உங்கள் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால், உதாரணமாக 12400எஃப், அதில் கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5000 வரிசை டெஸ்க்டாப் பிராசஸர்களில் 'ஜி' எழுத்து உள்ளவற்றில்தான் உண்டு. ரைசன் 7000-இல் பெரும்பாலானவற்றில் சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது, 7500எஃப் போன்றவை விதிவிலக்கு. இல்லாத பிராசஸரில் போர்டின் எச்டிஎம்ஐ வெறும் துளைதான்.

சிபியு லைட் அணையவே இல்லை. பிராசஸர் கெட்டுவிட்டதா?

பயாஸ் பதிப்பைச் சந்தேகப்படுங்கள். சாக்கெட் பொருந்துவதாலேயே பிராசஸர் ஓடிவிடாது. அந்தப் பிராசஸரை அறிந்த பயாஸ் போர்டில் இருக்க வேண்டும். பி450 போர்டில் ரைசன் 5000, பி660 போர்டில் 13-ஆம் தலைமுறை இன்டெல், பி650 போர்டில் ரைசன் 9000: இவை எல்லாமே பொருந்தும் ஜோடிகள்தான். ஆனால் போர்டு முன்பே தயாராகிக் கிடங்கில் கிடந்திருந்தால் பழைய பயாஸோடு வரும். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் போர்டு மாடலுக்கான பிராசஸர் பட்டியலைத் திறந்து, உங்கள் பிராசஸர் எந்தப் பதிப்பிலிருந்து ஓடும் என்று பாருங்கள்.

பதிப்பை உயர்த்தக் கணினி ஆன் ஆக வேண்டுமே என்று கேட்பீர்கள். போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்ற சிறு பட்டன் இருந்தால் வேண்டியதில்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் பயாஸ் கோப்பைப் போட்டு, மேனுவல் சொல்லும் பெயரை அதற்கு வைத்து, குறித்திருக்கும் யுஎஸ்பி துளையில் செருகி, பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். பிராசஸரும் ரேமும் இல்லாமலேயே வேலை நடக்கும். எஸ்எம்பிஎஸ் கேபிள்கள் மட்டும் மாட்டியிருந்தால் போதும். லைட் சிமிட்டி முடியும் வரை கை வைக்க வேண்டாம். இந்தப் பட்டன் இல்லாத போர்டு என்றால், அதில் ஓடக்கூடிய பழைய பிராசஸர் ஒன்றை இரவல் வாங்கியோ, பழுது பார்ப்பவரிடம் கொடுத்தோதான் உயர்த்த முடியும். புதுப் போர்டு வாங்கும்போதே இந்தப் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வேன்.

இரண்டு ரேம் போட்டேன், ஒன்றுதான் தெரிகிறது.

ரேமை இடம் மாற்றிப் பாருங்கள். எந்தக் குச்சியைப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பிராசஸர் சாக்கெட்டைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். இன்டெல் போர்டுகளிலும் ஏஎம்5 போர்டுகளிலும் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 1700 பின், ஏஎம்5-இல் 1718. போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, சாக்கெட்டை நான்கு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நேராக நிற்கும் பின்கள் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே மினுமினுப்பில் தெரியும். வளைந்த ஒன்று மட்டும் அந்த வரிசையைக் கலைத்துத் தனியாகப் பளிச்சிடும். ரேம் பாதையின் பின் ஒன்று வளைந்தால் ஒரு சானல் முழுக்கவே காணாமல் போகும், மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடும். ஊசி முனையால் நிமிர்த்த முடிகிறவர்கள் இருக்கிறார்கள். வாரண்டி இருக்கும்போது நீங்களாகத் தொடாமல் இருப்பது நல்லது.

கூலரை ஒரு பக்கம் மட்டும் அதிகமாக முறுக்கியிருந்தாலும் இதே அறிகுறி வரும். ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிப் பாருங்கள்.

எதுவுமே பிடிபடவில்லை. இப்போது என்ன செய்வது?

எல்லாவற்றையும் கழற்றுங்கள். போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேல் போர்டை வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் கேபிள் இரண்டு, திரைக்கு ஒரு வழி: இவை மட்டும். டிஸ்க் வேண்டாம், முன்பக்க யுஎஸ்பி வேண்டாம். இந்த நிலையில் பயாஸ் திரை வந்துவிட்டால், கழற்றியதை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பாருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் ஆள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போகும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்காமல்தான் பலர் நாள் கணக்கில் அலைகிறார்கள்.

ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பயாஸ் செட்டிங்கை அழித்துப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான்: மேனுவலில் உள்ள கிளியர் சிமாஸ் பின்களைச் சில நொடி சேர்த்துத் தொடுங்கள், அல்லது சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வையுங்கள்.

பயாஸ் வருகிறது, ஆனால் ஒரு டிஸ்க்கைக் காணோம்.

மேனுவலில் எம்.2 (எஸ்எஸ்டி-யை நேராகப் போர்டில் செருகும் ஸ்லாட்) பற்றிய பக்கத்தைப் படியுங்கள். பல போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் குறிப்பிட்ட சாட்டா துளைகள் (கேபிளில் மாட்டும் டிஸ்க்குக்கானவை) செயலிழக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. கேபிளை வேறு சாட்டா துளைக்கு மாற்றினால் டிஸ்க் வந்துவிடும். பழைய எம்.2 எஸ்எஸ்டி சாட்டா வகையாக இருந்து, புது ஸ்லாட் என்விஎம்இ என்ற வேறு வகையை மட்டும் ஏற்பதாக இருந்தாலும் தெரியாது.

டிஸ்க் தெரிகிறது, விண்டோஸ் மட்டும் ஏற மறுக்கிறது.

இதற்கு இரண்டு பெரிய காரணங்கள். முதலாவது, பழைய கணினியில் விண்டோஸ் பழைய பயாஸ் முறையில், எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறை உள்ள டிஸ்க்கில் போடப்பட்டிருக்கும். புதுப் போர்டு யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையை மட்டும் எதிர்பார்க்கும். பழைய முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம் என்ற செட்டிங்கை ஆன் செய்தால் தற்காலிகமாக ஏறலாம், ஆனால் புதிய போர்டுகள் பலவற்றில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அது இயங்காது. நிரந்தர வழி, டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றுவது. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. டேட்டாவை அழிக்காமல் மாற்றும். டிஸ்க்கில் மூன்று முதன்மைப் பகுதிகளுக்கு மேல் இருந்தால் மறுக்கும். அழிக்காது என்றாலும் முக்கியமானவற்றை வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டே தொடங்குங்கள்.

இரண்டாவது, நீலத் திரையில் 'இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்' என்று வருவது. டிஸ்க்கை அணுகும் முறை மாறிவிட்டது என்று பொருள். பழையதில் ஏஹெச்சிஐ, புதியதில் ரெய்டு அல்லது இன்டெல்லின் விஎம்டி என்று இருக்கும், அல்லது தலைகீழாக. பயாஸில் பழைய முறைக்கே மாற்றுங்கள். அது முடியாவிட்டால் மீட்புத் திரையிலிருந்து சேஃப் மோடில் ஒருமுறை ஏற்றினால் பெரும்பாலும் விண்டோஸ் தேவையான டிரைவரைத் தானே பிடித்துக்கொள்ளும்.

பிட்லாக்கர் மீட்பு எண் கேட்கிறது. நான் பிட்லாக்கரே போடவில்லையே?

பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி. நீங்கள் போடாவிட்டாலும் விண்டோஸ் போட்டிருக்கலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதன் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். இன்றைய வீட்டுக் கணினிகளில் அந்தப் பகுதி பெரும்பாலும் பிராசஸருக்குள்ளேயோ போர்டோடோ சேர்ந்தது. இரண்டையும் மாற்றிவிட்டதால் சாவி பழைய பாகங்களோடு போய்விட்டது. 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அதே கணக்கில் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம். எண் எங்குமே இல்லை என்றால், பழைய போர்டையும் பிராசஸரையும் மறுபடி சேர்த்து மாட்டித் திறந்து பார்ப்பதுதான் மிச்சமிருக்கும் வழி. அதனால் எல்லாம் சரியாகும் வரை பழைய பாகங்களை விற்றுவிடாதீர்கள். இன்னும் மாற்றத் தொடங்கவில்லை என்றால், இப்போதே பிட்லாக்கரை நிறுத்தி வையுங்கள்.

இதன் தம்பி போல இன்னொரு சிக்கல் உண்டு. விண்டோஸ் ஏறும், ஆனால் நுழைவதற்கு வைத்திருந்த பின் எண் (PIN) செல்லாது என்று சொல்லும். அதுவும் டிபிஎம்-மைச் சார்ந்ததுதான். கணக்கின் முழு கடவுச்சொல்லைப் போட்டு நுழைந்து, பின் எண்ணைப் புதிதாக அமையுங்கள். புதிய எண் அமைக்க இணையம் வேண்டும், புதுப் போர்டின் நெட்வொர்க் டிரைவரோ இன்னும் இருக்காது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

இணையமே இல்லை. டிரைவரை எப்படி இறக்குவது?

போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே விண்டோஸ் அதை நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். நுழைவுத் திரையிலேயே கூட வேலை செய்யும். போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முதலில் லேன் அல்லது வைஃபை டிரைவர், அடுத்து சிப்செட் டிரைவர். கடிகாரம் தப்பாக இருந்தால் தளங்கள் பாதுகாப்புப் பிழை காட்டும். தேதியைச் சரிசெய்துவிட்டு முயலுங்கள்.

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டும் புதுப் போர்டைப் பார்த்ததும் சாதனங்களைத் தாமே அமைத்துக்கொள்ளும். பலருக்கு எந்தக் குறையும் வராது. ஆனால் இன்டெல்லிலிருந்து ஏஎம்டி-க்கோ, அங்கிருந்து இங்கோ மாறியிருந்து, காரணம் தெரியாமல் திணறல் வந்துகொண்டே இருந்தால் நான் புதிதாகப் போடவே சொல்வேன். பழைய போர்டின் விளக்கு, ஃபேன் மென்பொருள்களைத் துரத்திக்கொண்டிருப்பதைவிட அது சீக்கிரம் முடியும்.

ஆக்டிவேஷன் போய்விட்டது.

உரிமம் ரீடெய்ல் (தனியாக விலைக்கு வாங்கிய) வகையானால் புதுப் போர்டுக்கு மாற்றலாம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய், டிரபிள்ஷூட் அழுத்தி, வன்பொருளை அண்மையில் மாற்றினேன் என்பதைத் தேர்ந்து, பழைய கணினியின் பெயரைக் காட்டுங்கள். இதற்கு உரிமம் முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் பழைய போர்டோடு கட்டுப்பட்டது, மாறாது.

6000 என்று வாங்கிய ரேம் 4800-இல் ஓடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அட்டையில் போட்டிருக்கும் வேகம் தானாக வராது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற செட்டிங்கை ஆன் செய்தால்தான் வரும். சில மென்பொருள்கள் 3000 என்று காட்டும். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா போவதால் அதை இரட்டிப்பாக்கிப் படிக்க வேண்டும்.

அதை ஆன் செய்த பிறகு கணினி உறைவது, விதவிதமான நீலத் திரை வருவது என்று தொடங்கினால், அணைத்துவிட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் வேகத்தை ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளலாம். நான்கு டிடிஆர்5 குச்சி போட்டவர்கள் அதிக வேகம் எதிர்பார்க்க வேண்டாம். ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி சொல்வதே நான்கு குச்சிக்கு 3600 வரைதான். சந்தேகம் தீர, மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் பிழைதான்.

சூடு 95 டிகிரி காட்டுகிறது. ஆபத்தா?

எப்போது காட்டுகிறது என்பதுதான் கேள்வி. ரைசன் 7000-இன் எக்ஸ் வகைகள் முழு வேலையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்கும்படி அமைக்கப்பட்டவை. இன்டெல்லின் எல்லை பொதுவாக 100. சும்மா இருக்கும்போதே 80, 90 என்று காட்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை. கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் இருக்கிறதா பாருங்கள். எல்ஜிஏ1200 கூலரை எல்ஜிஏ1700-இல் மாட்டியிருந்தால் துளை இடைவெளி 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆகிவிட்டது. அதற்கான பிராக்கெட் வேண்டும். தண்ணீர் கூலர் என்றால் பம்ப் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள், லேசான அதிர்வு தெரிய வேண்டும்.

கேம் ஆடும்போது திடீரென்று அணைந்து மறுபடி ஏறுகிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவர் பதிவேட்டில் கெர்னல் பவர் 41 என்கிறது.

ஒழுங்காக மூடப்படாமல் அணைந்தது என்பதைத்தான் 41 சொல்கிறது, காரணத்தை அல்ல. எஸ்எம்பிஎஸ்-இன் வாட் அளவும் வயதும் புதுப் பிராசஸருக்குப் போதுமா என்று பாருங்கள். வாங்கியது 13 அல்லது 14-ஆம் தலைமுறை இன்டெல் என்றால் பயாஸை உடனே உயர்த்துங்கள். அந்த வரிசைகளில் அளவு மீறிய வோல்டேஜால் பிராசஸர் தேய்ந்துபோகும் கோளாறு இருந்தது. 2024-இல் இன்டெல் அதற்கான திருத்தங்களை வெளியிட்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. திருத்தம் மேலும் தேயாமல் தடுக்கும், தேய்ந்ததை மீட்காது. பழைய பயாஸில் நெடுநாள் ஓடி, இப்போது கேம்கள் நொடிந்து விழுந்தால் வாரண்டியில் கேளுங்கள்.

எந்தக் கட்டத்தில் பாகத்தையே சந்தேகிக்கலாம்?

அட்டைப் பெட்டி மேல் வைத்துப் பார்த்து, ரேமை மாற்றிப் பார்த்து, பயாஸ் பதிப்பும் சரி என்று உறுதியான பிறகு. அப்போதும் முதல் சந்தேகம் போர்டு, அடுத்து ரேம், அதற்கடுத்து எஸ்எம்பிஎஸ். புதுப் பிராசஸரே கெட்டு வருவது அரிது. போர்டைத் திருப்பி அனுப்பும்போது சாக்கெட்டின் மேல் வந்த பிளாஸ்டிக் மூடியைத் தேடி எடுத்து மாட்டி அனுப்புங்கள். அது இல்லாமல் போனால் வழியில் பின் வளையும், வளைந்த பின்னுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாக வாரண்டி தருவதில்லை. அனுப்பும் முன் சாக்கெட்டைப் பளிச்சென்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.